இன்டர்நெட் இல்லாத அறைக்கு ஒரு கையேடு

வீடியோ பார்த்து எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது. இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. வீடியோவில் பேசுகிறவர் தன் வேகத்தில் போவார். அவர் சொன்ன மெனு எங்கே இருக்கிறது என்று நான் தேடி முடிப்பதற்குள் அவர் அதைத் திறந்து, வேலையை முடித்து, மூடிவிட்டு, அடுத்ததற்குப் போயிருப்பார். புத்தகம் அப்படியில்லை. நான் எந்த வரியில் நிறுத்தினேனோ அந்த வரியிலேயே நிற்கும். கார்மென்ட் கம்பெனியில் பில் போடுகிற சாஃப்ட்வேரை நான் கற்றுக்கொண்டது அதனுடன் வந்த தடித்த புத்தகத்தைப் படித்துத்தான். என்னோடு சேர்ந்தவர்கள் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று கற்றார்கள். கடைசியில் சந்தேகம் கேட்க எல்லாரும் என் மேஜைக்குத்தான் வந்தார்கள்.

அந்தக் கம்பெனி ஊருக்கு வெளியே இடம் மாறியபோது, இரண்டு பஸ் மாறிப் போக எனக்கு இஷ்டமில்லை. ஜீவனஹள்ளியில் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், காக்ஸ் டவுனில், ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஸ்டுடியோவின் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டியவர். தெருவில் எல்லாரும் அவரை அங்கிள் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகள் வாங்குகிற புதுநன்மை, பாஸ்போர்ட் போட்டோ, கல்லறைத் திருநாளுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போடுகிற படம் என்று வேலைக்குக் குறைவில்லை. கேமராவை அவர் பார்த்துக்கொள்வார். படங்களைத் திருத்துகிறவர் துபாய்க்குப் போய்விட்டார்.

"கம்ப்யூட்டர் தெரியும்ல?" என்று கேட்டார்.

"தெரியும் அங்கிள்."

"போட்டோ வேலை?"

"அது கத்துக்கணும். கத்துக்குவேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாளைக்கி வா" என்றார்.

திருத்துகிற கம்ப்யூட்டர் பின்னறையில் இருந்தது. அதில் இன்டர்நெட் கிடையாது. வசதியில்லாமல் அல்ல, அவர் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. முன்பு ஒருமுறை வைரஸ் நுழைந்து ஒரு கல்யாணத்தின் படங்கள் மொத்தமும் திறக்க முடியாமல் போயிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை அவர் மறக்கவில்லை. "இந்த மெஷினுக்கு வெளி சகவாசமே கூடாது" என்பது அன்றிலிருந்து சட்டம். வாடகை கட்டி ஓட்டுகிற சாஃப்ட்வேரையும் அதனால்தான் நிறுத்திவிட்டார். அது நெட் இல்லாமல் கொஞ்ச நாள்தான் ஓடும். அதற்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற ஒன்று அந்த மெஷினில் இருந்தது.

முதல் நாள் அதைத் திறந்தேன். திரை முழுக்கச் சின்னச் சின்னப் பொம்மைகள், பிரஷ், கத்தரி, விரல், வாளி. எது எதற்கு என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் எஃப் ஒன் பட்டனை அழுத்தினேன். பில் சாஃப்ட்வேரில் அதை அழுத்தினால் உதவிப் பக்கம் வரும். இங்கே ஒரு சின்னப் பெட்டி வந்தது. கையேடு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, இன்டர்நெட்டில் படிக்கிறீர்களா என்று கேட்டது.

அங்கிளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"போன்ல வீடியோ போட்டுப் பாத்துக்கோயேம்மா. இப்ப எல்லாரும் அப்டிதான் கத்துக்குறாங்க."

"எனக்கு அது ஆவாது அங்கிள். புக்கு வேணும்."

"இதுக்கெல்லாம் இப்ப யாரும்மா புக்கு போடுறாங்க?"

"இருக்கும் அங்கிள். எழுதி வெக்காமயா இவ்ளோ பெரிய சாமானை வெளிய வுட்டிருப்பாங்க?"

எழுதித்தான் வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே போனில் தேடிக் கண்டுபிடித்தேன். உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதிய கையேடு. அத்தியாயம் அத்தியாயமாக, படத்தோடு. ஆனால் போன் திரையில் அதைப் படிப்பது சாவித்துவாரம் வழியாக வீட்டைப் பார்ப்பது மாதிரி இருந்தது. பக்கத்தை ஒருபுறம் இழுத்தால் மறுபுறம் மறைந்தது. எங்கள் வீடு இருக்கிற சந்தில் நெட் நின்று நின்று வரும் என்பது வேறு.

காகிதத்தில் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. மெயின் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் வீட்டில் உருது பேசுகிறவர், வாடிக்கையாளரிடம் எந்த மொழி வேண்டுமானாலும் பேசுவார். முதல் இரண்டு அத்தியாயங்களை அவருக்கு அனுப்பினேன். மெஷின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அவர் அதை நிறுத்திவிட்டார்.

"அக்கா, இன்னா இது? பூரா கறுப்பா வருது. டோனர் மொத்தத்தயும் இதே குடிச்சிடும் போலக்கீதே."

வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சாஃப்ட்வேரின் திரை கருநிறம், அதைப் படம் பிடித்துக் கையேட்டில் போட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் அடித்தால் ஒவ்வொரு படமும் ஒரு கறுப்புச் செங்கல். எழுத்தோ பக்கத்தின் வலது பாதியில் ஒடுங்கிக் கிடந்தது. இடது பாதியில் இணையப் பக்கத்தின் பொருளடக்கம், ஒவ்வொரு தாளிலும் அதே பொருளடக்கம்.

"மொத்தம் எத்தினி பக்கம் இருக்கும்?" என்றார்.

சொன்னேன்.

"பைண்டிங்கே நிக்காது அக்கா. அப்டியே நின்னாலும் நீங்க தூக்க மாட்டீங்க." அடித்த தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினார். "கம்ப்யூட்டர்ல படிக்கிறத கம்ப்யூட்டர்லயே படிங்க. வியாபாரம் வேணான்னு சொல்றேன்னு பாருங்க, உங்களுக்காக சொல்றேன்."

அவர் சொன்னதில் பாதி எனக்குப் பிடித்தது. கம்ப்யூட்டரிலேயே படிக்கலாம், ஆனால் நெட் இல்லாத கம்ப்யூட்டரில். கையேட்டின் பக்கத்தில் மறுபடி தேடினேன். மெஷினிலேயே பதிந்து வைத்துக்கொள்ளும்படி கையேட்டைத் தனியாக, மொழிவாரியாகக் கட்டி வைத்திருந்தார்கள். தமிழில் இல்லை, கன்னடத்தில் இல்லை. ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டேன். என் ஆங்கிலம் மெதுவானது, ஆனால் நிற்காமல் ஓடும். பக்கத்து வீட்டு டீச்சரின் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனேன்.

அங்கிள் பென் டிரைவை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அழுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. தன் பழைய லேப்டாப்பில் வைரஸ் சோதனை போட்டு, அது முடிகிற வரை எதிரே உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் பின்னறைக்கு அனுமதி.

பதிந்தது. எஃப் ஒன் அழுத்தினேன், புத்தகம் திறந்தது. சந்தோஷம் மதியம் வரைக்கும்தான். கையேடு ஒரு மெனுவில் இருப்பதாகச் சொன்னது என் திரையில் அந்த மெனுவில் இல்லை. கையேட்டில் இருந்த ஒரு பொம்மை என் திரையில் எங்கேயும் இல்லை. என் கண்தான் சரியில்லையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு கையேட்டின் முதல் பக்கத்தையும் சாஃப்ட்வேரைப் பற்றிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கையேடு புதிய பதிப்புக்கானது. மெஷினில் இருந்தது பழையது.

சாஃப்ட்வேரைப் புதுசாக மாற்றிவிடலாமா என்று அங்கிளிடம் கேட்டேன்.

"ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிக்கிற? அத அப்டியே வுட்டுட்டு சும்னே இரு."

எனவே பழைய கையேட்டைத் தேட வேண்டியதாயிற்று. அந்தத் தளத்தில் பழைய பதிப்புகளை எல்லாம் எறியாமல் ஓர் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். அலங்காரம் எதுவும் இல்லாத, வெறும் பெயர்கள் மட்டும் உள்ள பக்கம். அதில் எங்கள் பதிப்பின் எண்ணைப் பார்த்தபோது, கூட்டத்தில் நம் வீட்டு ஆளைப் பார்த்த நிம்மதி வந்தது. மறுபடி டீச்சரின் லேப்டாப், மறுபடி சோதனை. இந்தத் தடவை கையேடு சொன்னதெல்லாம் சொன்ன இடத்தில் இருந்தது.

அங்கிளைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இன்னாம்மா எழுத்து இது, எறும்பு ஊர்ற மாதிரி."

உண்மைதான். அகலமான திரை. வரிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடின. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும்போது எந்த வரி என்று கண் தவறியது. நான் ஜன்னலைக் குறுக்கி, திரையில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குக் கொண்டு வந்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். அது அச்சிட்ட புத்தகத்தின் பக்கம் மாதிரியே ஆயிற்று. மீதி இடத்தில் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்தேன். இந்தப் பக்கம் படிப்பது, அந்தப் பக்கம் செய்வது.

அங்கிள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, படத்தின் ஓரங்களை மென்மையாக்குவது பற்றிய பத்தியை, நிருபம் வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முடித்ததும் கொஞ்சம் யோசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

வீட்டில் படிப்பதற்கு வேறு வழி செய்துகொண்டேன். கையேட்டை மின்புத்தகமாக மாற்றுகிற இலவசக் கருவி ஒன்று கிடைத்தது. அப்படி மாற்றினால், எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தானாக மடிந்து போனின் அகலத்துக்குள் அடங்கும். இழுத்து இழுத்துப் பார்க்கத் தேவையில்லை, நெட்டும் வேண்டாம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, பஸ் சிக்னலில் நிற்கும்போது, பல் டாக்டர் கூப்பிடும் வரை என்று அந்தக் கையேட்டை முதலிலிருந்து படித்தேன். என் வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "கதையா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. பலர் எழுதியது என்பதால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறும். ஒருவர் சிடுசிடுப்பானவர், "இதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்" என்று தாண்டிப் போவார். படத்தில் வேண்டாத பகுதியை மறைக்கிற மாஸ்க் பற்றி எழுதியவர் பொறுமைசாலி. வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் பாதி காட்டும், அடியில் இருக்கிற படம் அழிவதே இல்லை என்று மூன்று விதமாகச் சொல்லிப் புரிய வைத்தார். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவர்தான் என் வாத்தியார்.

கொஞ்ச மாதத்தில் முகத்தில் விழுந்த நிழலை எடுப்பது, பழுப்பேறிய படத்தைத் தேற்றுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு அம்மா வந்தார்.

எங்கள் ஜீவனஹள்ளிக்காரர்தான். மகள் கல்யாணத்தை அங்கிள்தான் படம் எடுத்திருந்தார். கோவில் படிக்கட்டில் எடுத்த குடும்பப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும், அதில் தன் கணவர் இருக்க வேண்டும் என்றார். கணவர் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே தவறிவிட்டார். பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து வைத்தார். ஒன்று, வேலை செய்த இடத்தில் ஏதோ விழாவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, டியூப் லைட் வெளிச்சம், முகம் லேசாகப் பக்கவாட்டில். இன்னொன்று, வேறொரு கடையில் அவரைக் குடும்பப் படத்தில் சேர்த்து வாங்கியது. தலையும் தோளும் மட்டும் வானத்தில் இருந்தன.

"இப்டி மெதந்துக்கினு இருந்தா நல்லாவா கீது? நீயே சொல்லு."

"நல்லா இல்லக்கா. நான் பண்ணித் தரேன். ஒரு வாரம் குடுங்க."

அவர் போனதும் அங்கிள் பின்னறைக்கு வந்தார். "படக்குனு ஒத்துக்கிட்டியேம்மா. வருமா?"

"வரும் அங்கிள்."

எனக்குச் சந்தேகமே இல்லை. வெட்டி எடுப்பது எப்படி என்று கையேட்டில் இருந்தது. டியூப் லைட்டின் பச்சையை எடுத்துக் காலை வெயிலின் நிறத்தைக் கொடுப்பது எப்படி என்றும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். அவர் எங்கே நிற்பார் என்பது. அதற்கு அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அவரு போட்டோன்னா எங்க நிப்பாரு? நடுவுலயா?"

அவர் சிரித்த சத்தம் கேட்டது. "நடுவுலயா? ஓரத்துல. எப்பவும் ஓரத்துல. கையப் புடிச்சி இழுத்தாக்கூட வர மாட்டாரு."

குடும்பப் படத்தில் இரண்டாவது வரிசையின் இடது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அங்கே தூணின் நிழல் விழுந்திருந்ததால் டியூப் லைட் வெளிச்சத்தில் முகம் தட்டையாக இருப்பது தெரியாது. முன்வரிசை மறைப்பதால் கால் தேவையில்லை. அவர் சட்டையின் ஓரத்தை மாஸ்க்கில் மெல்லிய பிரஷ்ஷால் இழை இழையாகச் சரிசெய்தேன். தூணின் நிழலை அவர் தோள்மேலும் கொஞ்சம் விழ வைத்தேன். முடித்தபோது, கூப்பிட்டதற்காக வந்து, சீக்கிரம் முடிந்தால் போய்விடலாம் என்று நிற்கிற மனிதராக அவர் இருந்தார்.

அந்த அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்ததும் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நின்னுக்கினு கீறாரு பாரு" என்றார் மெதுவாக.

மகள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

"எனக்கு இது வேணாம்மா."

"ஏண்டி? நல்லாத்தானே கீது."

"நல்லா கீது. அதான் வேணாம். அன்னிக்கி அப்பா இல்லம்மா. கார்லயே அழுது மூஞ்சி கழுவிட்டுத்தான் படிக்கட்டு ஏறினேன். இதுல அவரு கூடவே கீறாரு, நான் சிரிச்சிக்கினு கீறேன். நான் அழுததே பொய்யின்ற மாதிரி கீது."

"எனக்கு வேணும்" என்றார் அம்மா. "நான் சாவுற வரிக்கும் பாத்துக்கினு இருக்க எனக்கு வேணும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அங்கிள் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். நான் மகளிடம், "உக்காரும்மா, ஒண்ணு பாரு" என்றேன். அவர் மட்டும் தனி அடுக்காக இருந்த லேயருக்குப் பக்கத்தில் இருக்கிற கண் பொம்மையை அழுத்தினேன். அவர் மறைந்தார், தூணும் படியும் தெரிந்தன. மறுபடி அழுத்தினேன், வந்து நின்றார்.

"எதயும் அழிக்கல. அம்மாக்கு அவரோட குடுக்கறேன். உன் ஆல்பத்துக்கு அவர் இல்லாம, எடுத்தது எடுத்த மாதிரியே குடுக்கறேன்."

"இன்னொரு வாட்டி அமுத்துங்க" என்றாள்.

அழுத்தினேன். அவர் போனதும் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆல்பத்தில் அந்த ஓரத்தை வெட்டிவிடுவது வழக்கம், எல்லாரும் நடுவில் வர வேண்டும் என்பதற்காக. அவளுக்கு அது தெரிந்திருந்தது போல.

"அந்த ஓரத்த கட் பண்ணாதீங்க ஆன்ட்டி. அந்த எடம் காலியாவே இருக்கட்டும்."

அம்மா அப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தார். கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படியே இரண்டு படங்களையும் செய்து கொடுத்தேன். சட்டம் போட்டது அம்மா வீட்டு ஹாலில் இருக்கிறது, நானே போய்ப் பார்த்தேன். அந்தத் தெருவில் வழிகேட்டு வந்த ஒரு ஆள், கதவு வழியாகப் படத்தைப் பார்த்து, ஓரத்தில் நிற்கிறவர் வீட்டில் இருக்கிறாரா என்று அந்த அம்மாவிடமே விசாரித்தாராம். அதை அவர் பெருமையாகவே சொன்னார்.

அங்கிள் அந்தப் படத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். நீலசந்திரா ஏரியாவில் இதே சாஃப்ட்வேரில் வேலை செய்கிற ஒரு பெண் பென் டிரைவோடு வந்தாள். அவள் வேலை செய்கிற இடத்தில் நெட் இருந்தும், அது முதலாளியின் போனிலிருந்து வருவதாம், அவர் வெளியே கிளம்பினால் அதுவும் கூடவே போய்விடுமாம். அவள் மெஷினில் எந்தப் பதிப்பு என்று முதலில் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் எண்ணோடு வந்தாள். அதற்குப் பொருந்துகிற கையேட்டைக் கொடுத்தேன், மின்புத்தகத்தையும் அவள் போனில் ஏற்றினேன்.

"எதுலருந்து படிக்கணும்க்கா?"

"மாஸ்க்குலருந்து படி. மத்ததெல்லாம் அப்புறம் தானா வரும்."

அவள்தான் ஒரு தவறைக் கண்டுபிடித்தாள். பிரஷ் பற்றிய அத்தியாயத்தில் ஒரு படம் வரவே இல்லை, வெறும் கட்டம் மட்டும் இருக்கிறது என்றாள். என் கையேட்டில் பார்த்தேன், அதிலும் இல்லை. புதிய பதிப்பில் பார்த்தேன், அதிலும் அதே கட்டம்தான். எழுதியவர்களுக்கே தெரியாமல் இத்தனை காலம் அப்படியே இருந்திருக்கிறது. தவறுகளைச் சொல்ல அவர்கள் தளத்தில் ஓர் இடம் உண்டு. எந்தப் பக்கம், எந்தப் பத்தி, என்ன படம் இருந்திருக்க வேண்டும் என்று என் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, அங்கே இருக்க வேண்டிய படத்தை நானே பின்னறை மெஷினில் எடுத்துச் சேர்த்து, டீச்சரின் லேப்டாப்பிலிருந்து அனுப்பினேன். வெளிர் நிறத் திரையில் எடுத்தேன், யாராவது காகிதத்தில் அடித்தாலும் தெரியட்டும் என்று.

சில நாள் கழித்து யாரோ ஒருவர் பதில் எழுதியிருந்தார். நன்றி, உங்கள் படத்தையே சேர்த்துவிட்டோம், அடுத்த வெளியீட்டில் வரும் என்று. அங்கிளிடம் காட்டினேன்.

"நம்ம ஸ்டுடியோ பேரு போட்டாங்களா?"

"யாரு பேரும் போட மாட்டாங்க அங்கிள்."

"போட்டா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, முன்னறையில் பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருந்தவரைப் பார்க்கப் போனார். நான் நீலசந்திராப் பெண்ணுக்குப் போன் போட்டு, அவள் கண்டுபிடித்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அடுத்த அத்தியாயத்தில் இன்னொன்று இருக்கிறது, கவனித்தீர்களா என்று கேட்டாள்.